எது முதலில் முடிந்தது?

“அப்பா, விளக்கு நூருறது எண்ணெய் முடியிறதாலையோ, திரி முடியிறதாலையோ?”

ஆறு வயது ஆரபி ஒரு பின்னேரம் சாமியறை வாசலில், அணைந்துபோன விளக்கைப் பார்த்தபடி நின்று கேட்ட கேள்வி அது. தகப்பன் வாகீசன் அப்போது ஒரு கோப்புக்குள் தலையைப் புதைத்திருந்தார். “நாளைக்குச் சொல்லுறன் குஞ்சு” என்றார். மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல். அடுத்த கிழமை அவரிடம் பதில் இருந்தது; கேட்பதற்குப் பிள்ளை இல்லை.

பன்னிரண்டு வருடங்கள் போய்விட்டன. அன்றிலிருந்து வாகீசன் எந்த வேலையையும் நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில்லை. அந்த வீட்டுச் சாமியறையில் விளக்கு ஏற்றியதும் இல்லை.

நல்லூரில் ஒரு ரியூசன் வகுப்பின் மேல்மாடியில் அவருடைய அலுவலகம் இருந்தது. ‘விசாரணைகள் செய்து தரப்படும்’ என்ற பலகையைப் பார்த்து வருபவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்ணைப் பெற்றவர்கள். கனடா மாப்பிள்ளை உண்மையிலேயே கனடாவில்தான் இருக்கிறாரா, இருந்தால் தனியாகத்தான் இருக்கிறாரா என்று கேட்டு வருபவர்கள். அதனால் அந்த மார்கழிக் காலையில் கஜானி படியேறி வந்தபோது உதவியாளர் சிசிலியா வழமைபோலப் படிவத்தை நீட்டினாள்.

“மாப்பிள்ளை எந்த நாடு?”

“இஞ்சை நீர்வேலி” என்றாள் கஜானி. “கட்டி ஒன்பது வருசம்.”

“அப்ப விசாரிக்கிறதுக்குச் சரியாப் பிந்திப்போனியள்” என்று சொல்ல வாயெடுத்த சிசிலியா, வந்தவளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் படிவத்தை மடித்து வைத்தாள்.

கஜானி இருக்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஐயா, நான்தான் என்ரை பிள்ளையைச் சுட்டனானோ எண்டு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்கோ.”

வாகீசன் பேனாவைக் கீழே வைத்தார். “இருந்து கதையும் பிள்ளை.”

அவள் சொன்னது இதுதான். உரும்பிராயில் ஐந்து பெண்கள் சேர்ந்து தேங்காயெண்ணெயில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து சவுக்காரம் செய்கிறார்கள். எண்ணெயைச் சவுக்காரமாக்கும் காரமான கோஸ்ரிக் சோடாவை நிறுப்பது கஜானியின் வேலை. மூன்று வருடமாக ஒரு பிழை வந்ததில்லை. கார்த்திகைத் தொடக்கத்தில் ஒரு தடவை சவுக்காரம் வார்த்தார்கள். ஒரு மாதம் உலர விட்டுப் போன கிழமை எடுத்தபோது, ஓரத்தில் வெட்டிய துண்டொன்றை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய், மூன்று வயது மகள் யதுசாவைக் குளிக்க வார்த்தாள். பிள்ளை கத்தியது. சவுக்காரத்துக்கு எல்லாப் பிள்ளைகளும் கத்துவதுதானே என்று நினைத்து, அவள் இன்னும் கொஞ்சம் தேய்த்தாள்.

இதைச் சொன்ன பிறகுதான் கஜானி கதிரையில் இருந்தாள்.

“கன்னமும் கையும் ஆறிவிடுமாம். இடது கண்தான்... பார்வை மங்கலாத்தான் இருக்குமாம். அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீர்வேலியிலை தன்ரை தமக்கை வீட்டை போயிட்டார். என்னைப் படலைக்கு உள்ளை விடுகினமில்லை. எல்லாரும் சோடா கூடிப்போச்சு எண்டுகினம். நிறுத்தது நான். ஆனா ஐயா, நான் ரெண்டு தரம் நிறுத்தனான். அது எனக்கு நல்ல ஞாபகம். ஞாபகம் பொய் சொல்லுமோ?”

 கீழே இரசாயனவியல் வாத்தியாரின் ஒலிவாங்கி மட்டும் பலகைத் தளத்தைத் துளைத்துக்கொண்டு வந்தது.

“ஒரு சைக்கிளுக்குச் சில்லு ரெண்டு, சட்டம் ஒண்டு. எட்டுச் சில்லு, ஆறு சட்டம் இருக்கு. எத்தினை சைக்கிள் பூட்டலாம்?”

“நாலு!” என்று நூறு குரல்கள்.

“சட்டம் ரெண்டு மிஞ்சும். அதுக்காகச் சட்டம் கூடிப்போச்சு எண்டு அழலாமோ? எது முதல்லை முடியுதோ அதுதான் இரசாயனத் தாக்கத்தை நிப்பாட்டுறது! எழுதுங்கோ!”

“தினமும் உவற்றை சத்தம்தான் சேர்” என்றாள் சிசிலியா. “இன்னும் ஒரு வருசம் இருந்தா நானும் சோதினை எடுத்து டொக்டராப் போடுவன்.”

ஆனால் வாகீசன் ஏற்கனவே சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“சிசிலியா, ஸ்கூட்டியை எடும். மிஞ்சினதை எல்லாரும் பாத்திட்டினம். முடிஞ்சதை ஒருத்தரும் பாக்கேல்லை.”

*

சவுக்காரக் கொட்டில் ஒரு புகையிலைத் தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது. முன்னால் கிணறு. கிணற்றடியில் ஒரு சின்ன வைரவர் கோயில். மேலே தகரம், முன்னால் ஒரு சூலம். கொட்டிலின் தலைவி மீனாம்பிகை இடுப்பில் பூட்டுத் திறப்புகளின் கோர்வையோடு வந்தாள். ஐம்பது வயது. கதைக்கும்போது திறப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

“கஜானி நல்ல பிள்ளைதான். நானும் வேணுமெண்டு அவவை வேலையாலை நிப்பாட்டேல்லை. ஆனா சவுக்காரத்தை நாக்கு நுனியிலை வைச்சுப் பாத்தனான், கடிக்குது. சோடா கூட. வேறை என்ன சொல்ல?”

“அந்த முறை வார்த்த கட்டியள் இருக்குதோ?”

இருந்தன. கடதாசிப் பட்டி சுற்றி, விற்காமல் அடுக்கியபடி. வாகீசன் கையுறை போட்டுக்கொண்டு ஒன்றை எடுத்தார். முந்திய முறை வார்த்த கட்டி ஒன்றையும் கேட்டு வாங்கினார். இரண்டையும் அருகருகே வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

சிசிலியாவுக்குச் சும்மா இருக்க வராது. கெட்ட கட்டியைத் தலைகீழாகப் பிடித்தாள். பட்டி வழுகி நிலத்தில் விழுந்தது.

“பட்டிக்குப் பசை போடேல்லையோ அக்கா? ஆசுப்பத்திரியாலை வந்தவனுக்குப் பழைய காற்சட்டை மாதிரிக் கழருது.”

“பசை போடுறேல்லை. எல்லாம் ஒரே அளவு. இறுக்கமாத்தான் இருக்கும். மழையீரத்துக்குக் கடதாசி இளகியிருக்கும்.”

வாகீசன் அந்தப் பட்டியை எடுத்துப் பழைய கட்டியில் ஏற்றப் பார்த்தார். ஏறவில்லை. மெல்ல மெல்லத் தள்ளித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. ஏறிய பின் அசையவே இல்லை.

“கடதாசி இளகேல்லை. கட்டிதான் மெலிஞ்சிருக்கு.” அவர் நிமிர்ந்தார். “அச்சுப்பெட்டி மாறினதோ? வெட்டுற கம்பி மாறினதோ?”

“இல்லை. அதே பெட்டி. அதே எண்பது கட்டி.”

“அப்ப சொல்லுங்கோ. மற்றதெல்லாம் அப்பிடியே இருக்க, சோடா மட்டும் கூடினா கட்டி தடிக்குமோ, மெலியுமோ?”

மீனாம்பிகையின் விரல்கள் திறப்புக் கோர்வையில் நின்றன.

“எங்கடை அண்ணற்றை கலியாணத்திலை வாழையிலை ஐம்பது மிஞ்சிப்போச்சு” என்றாள் சிசிலியா. “எல்லாரும் இலை வாங்கினவனைப் பிடிச்சு ஏசினவை. நான்தான் குசினிக்குள்ளை போய்ப் பாத்தனான். சோறு முடிஞ்சுபோய்க் கிடந்தது. இலைக்காரன் பாவம், சரியாத்தான் வாங்கினவன்.”

வாகீசன் அவளைப் பார்த்தார். அவர் சிரிப்பது குறைவு. அன்று கண்களால் சிரித்தார்.

“அதுதான். பிள்ளை நிறுத்த சோடா சரி. அந்தச் சோடா தின்னுறதுக்கு எண்ணெய் காணாமப் போட்டுது. தின்ன எண்ணெய் கிடையாத சோடா, பிள்ளையின்ரை கன்னத்தைத் திண்டது.” சொல்லிவிட்டு அவரே அந்த வாக்கியத்துக்காக வருந்தியவர்போலக் குரலைத் தாழ்த்தினார். “எண்ணெய் அளக்கிறது ஆர்?”

“நான். போத்தலாலை எண்ணிக் கிடாரத்திலை ஊத்துவன்.” மீனாம்பிகை சுவரைக் காட்டினாள். கரும்பலகையில் சோடாவின் நிறை பழுத்துப்போன பழைய சோக்கில் இருந்தது. அதன் கீழே ‘தேங்காயெண்ணெய் 10 போத்தல்’. “பத்தும் சரியா ஊத்தினனான். பேந்து சூடாக்கிறது ஆழ்வாப்பிள்ளை அண்ணை. இஞ்சத்தைக் காவல்காரர். நாங்கள் அந்த நேரம் வெளியிலை சோடா கரைச்சுக்கொண்டு நிப்பம்.”

வாகீசன் கரும்பலகையைக் கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தார்.

*

“கள்ளன் அம்பிட்டான்” என்று சிசிலியா காதோடு சொன்னாள். “ஆனா சேர், கொஞ்ச எண்ணெய்க்காகக் கள்ளனாகிறவன் எவ்வளவு சின்னக் கள்ளனாயிருப்பான்?”

“சின்னக் கள்ளன் எண்டாத்தான் எனக்குப் பயம்” என்றார் வாகீசன். “பெரிய கள்ளனைப் பிடிச்சா மனம் நோகாது.”

வைரவருக்கு முன்னால் சிசிலியா நின்றுவிட்டாள். அவள் வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள்; ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டப் போனாள். காலையில் எரிந்து நூர்ந்த விளக்கின் தகழியில் மிச்ச எண்ணெய் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடந்தது.

“இதென்ன சேர், வைரவர் நெய்யோ எரிக்கிறார்?”

“நெய்யில்லை. மார்கழிக் குளிருக்கு உறையிறது தேங்காயெண்ணெய். கடையிலை விக்கிற விளக்கெண்ணெய்க் கலவை உறையாது.”

“எங்கடை அந்தோனியாருக்கு உந்தக் கவலையே இல்லை, மெழுகுதிரி பிறக்கேக்கையே உறைஞ்சது” என்றவள் பிறகு மெதுவாகச் சொன்னாள்: “தேங்காய் விலை ஏறினதிலையிருந்து பெரிய கோயிலிலையே கலவைதான். சில இடத்திலை மின்குமிழ். இவருக்கு மட்டும் ஆர் ராசவாழ்க்கை குடுக்கிறது?”

சூலத்துக்குப் பின்னாலிருந்த கல்லிடுக்கில் ஒரு போத்தல் நின்றது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு உறைந்த எண்ணெய்.

“அது வைரவற்றை” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

ஆழ்வாப்பிள்ளை. எழுபது வயது. நெற்றி நிறையத் திருநீறு. கையில் பறித்த நந்தியாவட்டைப் பூ. ஒளிக்க எதுவும் இல்லாத முகம்.

“ஓம் அண்ணை, எங்கையிருந்து எடுத்தது?” என்று கேட்டார் வாகீசன்.

“கிடாரத்திலையிருந்து. எண்ணெய் இளகினதும் முதல் போத்தல் வைரவருக்கு. தொடங்கின நாளிலையிருந்து அப்பிடித்தானே. வார்ப்புக்கு வார்ப்பு ஒரு போத்தல். நாளுக்கு ஒரு கரண்டியா விடுவன்.” அவர் பூவைச் சூலத்தடியில் வைத்தார். “கஜானிக்கு ஆறு வருசமாப் பிள்ளையில்லாமல் இந்த வைரவரைத்தான் சுத்தினவ. நான்தான் சொன்னனான், பிள்ளை கிடைச்சா ஒரு நாளும் தவறாமல் விளக்கு நான் ஏத்திறன் எண்டு. யதுசாக் குஞ்சுவின்ரை பேருக்குத்தான் எரியுது. இப்ப கண்ணுக்கும் சேர்த்து இரண்டு திரி போடுறன்.”

வாகீசன் எத்தனையோ பேரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். கனடா மாப்பிள்ளைக்கு இரண்டு பிள்ளைகள் என்று ஒரு தகப்பனிடம் சொல்லியிருக்கிறார்.  அன்று மட்டும் சொல்லாமல் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். ஆனால் நீர்வேலியில் ஒரு படலைக்கு வெளியே ஒரு தாய் நிற்கிறாள். ஒருவரை நோகாமல் காப்பதற்காக இன்னொருவரை எரிய விட முடியாது.

அவர் கிணற்றுக்கட்டில் கிழவரை இருத்தி, தானும் கீழே குந்தியிருந்து சொன்னார். சைக்கிள் சில்லைச் சொன்னார். வாழையிலையைச் சொன்னார். கடைசியில் போத்தலைச் சொன்னார்.

ஆழ்வாப்பிள்ளைக்கு விளங்க நேரம் எடுத்தது.

“ஒரு போத்தல் குறைஞ்சா ஏழெட்டுக் கட்டி குறையும், அவ்வளவுதானே? கறிக்கு எண்ணெய் குறைஞ்சா கறி எரிக்குமோ தம்பி?”

“சவுக்காரம் எரிக்கும் அண்ணை.”

“அப்ப... வைரவருக்கு எடுத்த எண்ணெயோ பிள்ளையின்ரை கண்ணிலை...” கிழவர் தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மூண்டு வருசமா எடுக்கிறன் தம்பி. மூண்டு வருசமா ஒண்டும் வரேல்லையே!”

“அதுதான் எனக்கும் விளங்கேல்லை” என்றாள் சிசிலியா. பகிடி விடும் குரல் அவளிடமிருந்து போய்விட்டிருந்தது.

வாகீசன் திரும்பாமலே சொன்னார்: “அதை மீனாம்பிகை அக்கா சொல்லுவா. கரும்பலகையிலை சோடா பழைய சோக்கு. பத்து எண்டது மட்டும் புதுச் சோக்கு. முந்தி எத்தினை போத்தல் அக்கா?”

கொட்டில் வாசலில் மீனாம்பிகை திறப்புக் கோர்வையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

“பதினொண்டு” என்றாள். “பத்து சவுக்காரத்துக்கு. ஒண்டு வைரவருக்கு. அது எனக்கும் அண்ணைக்கும் மட்டும்தான் தெரியும். தேங்காய் விலை ஏறிப்போச்சு. கொட்டிலை மூடுறதோ, ஒரு போத்தலைக் குறைக்கிறதோ எண்டு வந்துது. கார்த்திகையிலை பத்தாக்கினன்.”

“எனக்குச் சொல்லேல்லையே பிள்ளை!” என்றார் ஆழ்வாப்பிள்ளை.

“எப்பிடி அண்ணை சொல்லுறது? வைரவருக்கு இனி இல்லை எண்டு உங்கடை முகத்தைப் பாத்து எப்பிடிச் சொல்லுவன்? பலகையைப் பாத்து நீங்களே விளங்கிக்கொள்ளுவியள் எண்டு...”

“எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதே அம்மா.”

திறப்புக் கோர்வை மீனாம்பிகையின் கையிலிருந்து விழுந்தது. அதை எடுக்க யாரும் குனியவில்லை.

யாரும் களவெடுக்கவில்லை. ஒருவர் கடவுளுக்குக் கொடுத்தார். ஒருத்தி அவர் மனம் நோகக் கூடாதென்று ஒரு சொல்லை விழுங்கினாள். இரண்டும் நல்ல மனங்கள்தான். ஆனால் நல்ல மனத்துக்கும் வாய் வேண்டும். விழுங்கிய சொல் யாரோ ஒரு குழந்தையைப் போய்ச் சுட்டுவிடுகிறது.

*

மீனாம்பிகையையும் ஆழ்வாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அவர்கள் நீர்வேலிக்குப் போனார்கள். வாழைத்தோட்டத்துக்கு நடுவில் இருந்தது அந்தத் தமக்கையின் வீடு. படலையடியில் கஜானி அலுவலகத்திலிருந்து நேரே வந்து நின்றாள் போலும். காலடி மண் மிதிபட்டு வழவழத்திருந்தது. ஆழ்வாப்பிள்ளை அவளைக் கண்டதும் தெருவோரத்தில் நின்றுவிட்டார். அதற்கு மேல் அவர் வரவில்லை.

கஜானியின் கணவன் ஜெயசுதன் படலைக்கு உள்ளே கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வாகீசன் விளக்கவுரை ஒன்றும் செய்யவில்லை. கையுறையோடு இரண்டு கட்டிகளையும் ஒரு கடதாசிப் பட்டியையும் காட்டினார். பட்டி ஒன்றில் இறுகியது. மற்றதில் வழுகியது. அதற்குப் பிறகு மீனாம்பிகை முன்னால் வந்தாள்.

“தம்பி, உம்மடை மனிசி நிறுத்தது சரி. பிழை என்ரை வாயிலை. சொல்ல வேண்டியதைச் சொல்லேல்லை.”

ஜெயசுதன் வெகுநேரம் அந்த வழுகும் பட்டியைப் பார்த்தான். பிறகு படலைக் கொளுக்கியைக் கழற்றினான். மனைவியின் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. “உள்ளை வா” என்றான். அவ்வளவுதான்.

யதுசா வாசற்படியில் இருந்தது. இடது கண்ணில் பஞ்சுக் கட்டு. வலது கையில் ஒரு பிஸ்கற். தாயைக் கண்டதும் அதன் முகம் மலர்ந்தது; பின்னர் தாயின் கைகளைப் பார்த்தது. உடனே தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

“வேண்டாம் அம்மா... குளிக்க வேண்டாம்.”

கணவனிடம் நிரூபித்துவிடலாம். ஊரிடம் நிரூபித்துவிடலாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன அத்தாட்சியைக் காட்டுவது?

கஜானி ஓடிப்போய்த் தூக்கவில்லை. நாலு முழம் தள்ளி முற்றத்து மண்ணில் இருந்தாள். கைகள் இரண்டையும் சேலைத் தலைப்புக்குள் சுற்றி மறைத்தாள்.

“அம்மா தொடமாட்டன் குஞ்சு. சும்மா இதிலை இருக்கிறன்.”

வாழையிலைகள் காற்றில் அடித்துக்கொண்டன.  எவ்வளவோ நேரத்துக்குப் பிறகு பிள்ளை எழும்பி வந்தது. கடித்த பிஸ்கற்றில் பாதியை உடைத்து, தாயின் காலடியில் மண்ணில் வைத்துவிட்டு, ஓடிப்போய் மறுபடி படியில் இருந்துகொண்டது.

கஜானி அந்தப் பாதியை மண்ணோடு எடுத்துச் சாப்பிட்டாள்.

சிசிலியா மூக்கை உறிஞ்சினாள். “எனக்குத் தடிமன் சேர். மார்கழிப் பனி.”

“ஓம். எனக்கும் பனிதான்.”

தெருவில் ஆழ்வாப்பிள்ளை இல்லை. உரும்பிராய்ப் பக்கமாக நடந்து போனதாகப் பெட்டிக்கடைக்காரன் சொன்னான். “இனி என்ரை கையாலை விளக்குக்கு எண்ணெய் விடமாட்டன் எண்டு தனக்குத்தானே கதைச்சுக்கொண்டு போறார். ஆருக்கும் செத்தவீடோ?”

*

பொழுது படும் நேரம். சிசிலியாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாகீசன் பஸ்ஸில் உரும்பிராய்க்குத் திரும்பி வந்தார். கையில் ஒரு கடதாசிப் பை.

கொட்டில் பூட்டிக் கிடந்தது. கிணற்றடியில் எவரும் இல்லை. காலையில் வைத்த நந்தியாவட்டை வாடியிருந்தது. ஒரு நாளும் ஏற்றாமல் விடாத விளக்கு இருட்டாய் நின்றது.

அவர் செருப்பைக் கழற்றினார். பையிலிருந்து புதிய போத்தலை எடுத்தார், கலவையில்லாத தேங்காயெண்ணெய். விடியுமட்டும் எரியக்கூடியதாகத் தகழியில் விட்டார். திரியைத் திரிக்க விரல்கள் மறந்திருந்தன. மூன்றாம் தடவைதான் சரிவந்தது. நெருப்புக்குச்சியைக் கிழித்து, கையால் பொத்திப் பிடித்து ஏற்றினார். யதுசாவின் பேருக்கு ஒரு திரி. கண்ணுக்கு ஒரு திரி.

பிறகு சூலத்தடியில் குந்தியிருந்து, பக்கத்தில் யாரோ சின்ன ஆள் நிற்பதுபோல அந்தப் பக்கம் தலையைச் சரித்தார்.

“எது முதல்லை முடியுதோ, அதாலைதான் குஞ்சு நூருறது” என்றார். “எண்ணெய் முடிஞ்சா திரி மிஞ்சும். திரி முடிஞ்சா எண்ணெய் மிஞ்சும். மிஞ்சினது சும்மா இருக்கும். அதின்ரை பிழையில்லை அது.”

கொஞ்ச நேரம் பொறுத்தார். பன்னிரண்டு வருடம் பிந்திய பதிலுக்கு மறுகேள்வி ஏதும் வரவில்லை. எண்ணெய் திரியில் ஏறும் சின்னச் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் எழும்பினார். ஆழ்வாப்பிள்ளையின் பழைய போத்தலைக் கல்லிடுக்கிலிருந்து எடுத்து, அடியில் இருந்ததையும் தகழியில் வழித்து விட்டு, புதிய போத்தலை அதே இடத்தில், அதே பக்கம் திருப்பி நிறுத்தினார். விடியற்காலை திருவெம்பாவை கேட்டு எழும்புகிற கிழவர் எண்ணெய் விடமாட்டேன் என்று சொன்னாலும், எரிகிற விளக்கைக் கண்டால் திரியைத் தூண்டாமல் இருக்கமாட்டார்.

எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்தபடி, வாகீசன் தோட்டத்து வரம்பால் நடந்தார். தெருவுக்கு ஏறிய பிறகுதான் செருப்பைப் போட்டார்.